கோராப்ல்-ஸ்புட்னிக்: துணைக்கோள் கலம்

1960 மே முதல் 1961 மார்ச் வரை சுற்றுப்பாதையை எட்டிய ஐந்து சோவியத் சோதனைக் கலங்களின் பொதுப்பெயர் இது. இரண்டும் ரஷ்யச் சொற்கள்.

'ஸ்புட்னிக்' என்பதைப் பிரித்தால் 'ஸ்' என்பது கூட, 'புத்' என்பது வழி, 'னிக்' என்பது ஆளைக் குறிக்கும் விகுதி. கூடவே வழி வருபவர் என்று பொருள். (இந்தப் 'புத்', வடமொழியில் வழியைக் குறிக்கும் 'பத'வுக்கு உறவு. டெல்லி ராஜ்பத் நினைவிருக்கிறதா, அதே 'பத'தான்.) நமக்கு இதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: வழித்துணை. வேலூர் பக்கம் விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கே வழித்துணைநாதர் என்றுதான் பெயர். நிலாவையும் ரஷ்யர்கள் பூமியின் ஸ்புட்னிக் என்பார்கள். நாமும் துணைக்கோள் என்கிறோம். துணை என்ற கருத்து இரு மொழியிலும் ஒன்றுபோல் விழுந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, 'கோராப்ல்'? கப்பல். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 1957 நவம்பரில் லைகா என்ற நாய் போனது வெறும் ஸ்புட்னிக்கில். அதில் திரும்பி வர ஏற்பாடே இல்லை. கப்பல் என்றால் கரை திரும்ப வேண்டும். 1960 ஆகஸ்ட் 19 அன்று பெல்கா, ஸ்த்ரெல்கா என்ற இரு நாய்கள் எலிகளோடு கிளம்பின. நான்காவது சுற்றில் பெல்கா வாந்தி எடுத்தது. ஆனாலும் மறுநாள் இரண்டும் பாராசூட்டில் உயிரோடு இறங்கின. ஸ்த்ரெல்கா பிற்பாடு ஆறு குட்டிகளும் போட்டது. டிசம்பரில் போன ப்சோல்காவும் முஷ்காவும் திரும்பவில்லை. இறங்கும்போது பாதை பிசகி, கலத்தோடு அழிந்தன. அப்புறம் 1961 மார்ச்சில் சென்ற இரண்டு கலங்களும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. இரண்டாவதில் போன நாயின் பெயர் ஸ்வியோஸ்தச்கா, குட்டி நட்சத்திரம். பெயர் வைத்தவர், விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின். 18 நாள் கழித்து அவரே போனார்.

தமிழில் எப்படி எழுதலாம்? 'செயற்கைக்கோள் கப்பல்' என்று சிலர் எழுதக்கூடும். அது கடலில் மிதப்பதுபோல் தொனிக்கிறது. கலம் என்றாலே பழந்தமிழில் கப்பல்தான். விண்கலத்தில் ஏற்கெனவே அது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'துணைக்கோள் கலம்' போதும். தலைப்பில் கொஞ்சம் அழகு வேண்டுமென்றால் 'வழித்துணைக் கலம்' என்றே எழுதுங்கள்.