சின்னவன் பிறந்தபோது பார்த்தது

"கடைசியாக பாப் டெஸ்ட் எப்போது செய்தீர்கள்?" ஹூஸ்டனில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில் தினமும் கேட்கும் கேள்வி. பாப் என்றால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அறிகுறியை முன்கூட்டியே பார்க்கும் டெஸ்ட். வருபவர்களில் பாதிக்கு மேல் மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் பெண்கள். போன மாதம் ஒருவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "சின்னவன் பிறந்தப்போ." சின்னவன் பக்கத்திலேயே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். 14 வயது, மீசை அரும்பியிருந்தது. அவனுடைய தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த) பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிட அதிகம். இந்த நோய்க்குக் கிட்டத்தட்ட எப்போதும் எச்.பி.வி. வைரஸ்தான் மூலம். அது தங்கிப்போய்ப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். நடுவில் ஒழுங்காகப் பார்த்தால் புற்றாகும் முன்பே பிடித்துவிடலாம். அந்தப் பதினைந்து வருடமும் யாரும் பார்க்காமலே கழிவதுதான் சிக்கல். இங்கே பலருக்குக் கர்ப்பகாலத்தில் மட்டும்தான் காப்பீடு. பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் அது போய்விடும், டாக்டர் வாசலும் அதோடு சரி.

"இவர்கள் எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிடுவார்கள்" என்று கூட வேலை செய்பவர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. "சி தியோஸ் கியெரே", அதாவது கடவுள் மனசு வைத்தால், என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மா இரண்டு பஸ் மாறி மகனை ஊசிக்குக் கூட்டி வந்தார்.

கூச்சம் இருக்கிறது, அது உண்மை. மெக்சிகோக்காரர்கள் அதை 'பெனா' என்பார்கள். எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஆங்கிலத்தில் சார்ட்டில் எழுதத்தான் சொல் கிடைக்காமல் தடுமாறினேன்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. எடுத்த எடுப்பிலேயே "இது உடலுறவால் பரவும் வைரஸ்" என்று தொடங்குவேன். ஒரு அம்மாவின் முகம் அப்படியே இறுகிப்போனது. "என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்போது வேறு மாதிரி சொல்கிறேன்: இது பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும் வைரஸ். சிலருக்குத்தான் தங்கும். தங்கியது கல்யாணத்துக்கு முன்னால் வந்ததாகக்கூட இருக்கலாம், யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் நான் எப்படிச் சொன்னாலும் எங்கள் ப்ரொமொதோரா சொல்வதற்கு ஈடாகாது. ப்ரொமொதோரா என்றால் அதே பேட்டையில் குடியிருந்து, பயிற்சி எடுத்து, அக்கம்பக்கத்துப் பெண்களிடம் போய்ப் பேசுபவர். 'அமிகாஸ்' (தோழிகள்) என்ற திட்டத்தை எல் பாசோ, ஹூஸ்டன், வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் சோதித்தபோது, ப்ரொமொதோரா நேரில் பேசிய பெண்கள் மற்றவர்களைவிட அதிகமாக டெஸ்டுக்கு வந்தார்கள். எங்கள் ஆள் காத்திருப்பு அறையிலேயே கருப்பை வாயைப் பார்ப்பதற்காகப் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவியான பிளாஸ்டிக் ஸ்பெகுலத்தைக் கையில் கொடுத்துவிடுவார். "திறந்து மூடிப் பாருங்க கொமாத்ரே" என்பார். நெருங்கிய தோழியை அழைக்கும் சொல் அது. ஸ்பெகுலம் 'க்ளிக்' என்றதும் யாராவது சிரிப்பார்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

அங்கே அடிக்கடி வெளிவரும் குழப்பங்களைச் சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று எமர்ஜென்சிக்குப் போனபோது ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தார்கள், அதனால் பாப் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. கருப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் அது பாப். பிள்ளை வேண்டாம் என்று கருக்குழாயைக் கட்டும் ஆபரேஷன் செய்தாலும் கருப்பை வாய் அங்கேயேதான் இருக்கிறது. மாதவிடாய் நின்றாலும் அப்படித்தான்.

பொதுவாக 21 முதல் 29 வயது வரை 3 வருடத்துக்கு ஒரு பாப் போதும். 30 முதல் 65 வரை பாப் என்றால் 3 வருடம், அந்த வைரஸையே தேடும் எச்.பி.வி. டெஸ்ட் என்றால் 5 வருடம். கூச்சம் தீராதவர்களுக்கு இப்போது இன்னொரு வழி இருக்கிறது. 2024-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதித்த முறையில், கிளினிக்கிலேயே கதவைச் சாத்திக்கொண்டு எச்.பி.வி. டெஸ்டுக்குத் தாங்களே மாதிரி எடுத்துத் தரலாம். அதில் வைரஸ் தெரிந்தால் மட்டும் அடுத்த பரிசோதனைக்கு வர வேண்டியிருக்கும். காசில்லை, காப்பீடு இல்லை என்பவர்களுக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. நிதி தரும் திட்டம் ஒன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது.

டெஸ்ட் முடிந்தாலும் எனக்கு நிம்மதி வருவதில்லை. ரிசல்ட் சரியில்லை என்று கூப்பிட்டால் தெரியாத நம்பர் என்று எடுக்க மாட்டார்கள். ஆங்கிலக் கடிதம் போனால் பிரிஜ் மேலே கிடக்கும். அதனால் கிளம்பும் முன்பே எங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமிக்கச் சொல்கிறேன். கிளினிக் பெயரில் இல்லை, ப்ரொமொதோரா பெயரில். அவர் பெயர் வந்தால் இரண்டாவது ரிங்கிலேயே எடுக்கிறார்கள்.