சதுர அறைமேல் வட்டக் குவிமாடம் எப்படி உட்காருகிறது?

நான்கு சுவர் கொண்ட சதுர அறையின் மேல் உருண்டைக் குவிமாடம் ஒன்றைக் கட்டப் பாருங்கள். சுவர்களின் நடுப்பகுதியில் அதன் விளிம்பு ஒழுங்காக உட்கார்ந்துவிடும், ஆனால் மூலைகளில் அந்தரம்தான், கீழே தாங்க எதுவும் இருக்காது.

ஈரானியக் கொத்தனார்கள் செய்தது இதுதான்: மூலைக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து பக்கத்துச் சுவருக்கு, செங்கல்லில் ஒரு வளைவு. நான்கு மூலைக்கும் போட்டால் சதுரம் எண்கோணமாகிவிடும், அதன்மேல் 16 சின்ன வளைவுகளைச் சுற்றிலும் வைத்தால் வட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். இஸ்லாத்துக்கு முன்பே, 3ஆம் நூற்றாண்டில், ஈரானை ஆண்ட மன்னர் முதலாம் அர்தஷீரின் ஃபிரூசாபாத் அரண்மனையிலேயே இந்த மூலை வளைவு இருக்கிறது.

அதன் உச்சம் என்று நான் சொல்வது ஈரானின் இஸ்பஹான் நகர ஜும்ஆ பள்ளிவாசலின் வடக்குக் குவிமாடத்தை. 1088இல் அமைச்சர் தாஜுல் முல்க் கட்டுவித்தது; அவருடைய அரசியல் போட்டியாளர் நிஜாமுல் முல்க் அதே பள்ளிவாசலின் தெற்கே இதைவிடப் பெரியதை ஏற்கெனவே எழுப்பியிருந்தார். வடக்குக் குவிமாடத்தில் வண்ண ஓடுகள் கிடையாது, செங்கல்தான் அழகு. சுவரை ஒட்டி எழும் மெல்லிய தூண்கள் ஒவ்வொன்றும் மேலே ஏதோ ஒரு வளைவில் போய்ச் சேர்வதால், பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். அண்ணாந்து பார்த்தால் உச்சியைச் சுற்றி ஐந்துமுனை நட்சத்திரம், அதுவும் செங்கல் கோடுகளால்.

மரம் அரிதான நாடு என்பதால் சாரத்தையும் முட்டுகளையும் முடிந்தவரை குறைத்தார்கள். ஜிப்சம் சாந்து சட்டென்று இறுகிவிடும், செங்கல் வரிசை ஒரு வளையமாக மூடிக்கொண்டதும் தானாகவே நிற்கும், அதன்மேல் அடுத்த வளையம்.

சரி, வெளியிலிருந்து பார்க்கக் குவிமாடம் ஓங்கி நிற்க வேண்டும், உள்ளே நிற்பவருக்கோ அது கிணறு மாதிரி ஆகிவிடக் கூடாது, இரண்டும் எப்படி நடக்கும்? ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகள் போல, உள் ஓடு, வெளி ஓடு என்று கட்டினால் நடக்கும். 1611இல் ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் இஸ்பஹானில் தொடங்கிய ஷா பள்ளிவாசலில் வெளி ஓடு சுமார் 52 மீட்டர் உயரம், உள் ஓடு சுமார் 38தான், இடையில் வெற்றிடம். அந்த உள் ஓட்டுக்கு நேர் கீழே நின்று கைதட்டினால் ஒலி மேலே போய்த் திரும்ப ஏறக்குறைய 76 மீட்டர், அதாவது ஐந்தில் ஒரு நொடிக்குச் சற்று அதிகம், பிறகு கல்தரையில் பட்டு மறுபடி மேலே போகிறது. ஒரே கைதட்டல் அங்கே பல தடவை கேட்பது இதனால்தான்.