பேறுகால மனச்சோர்வு: ‘போஸ்ட்பார்ட்டம் டிப்ரஷன்’ தமிழில் என்ன ஆகிறது?

“தாயும் சேயும் நலம்.” குழந்தை பிறந்த செய்திக்கு மூன்றே சொல் போதும். ரத்தப்போக்கு நின்றது, குழந்தை அழுதது, எடை சரியாக இருக்கிறது எல்லாம் அந்த ‘நலம்’ என்பதற்குள் அடங்கிவிடும். மனம் அடங்குமா என்று யாரும் கேட்பதில்லை. தகப்பனோ அந்த வாக்கியத்திலேயே இல்லை.

இப்படி விடுபட்டுப்போன இடத்தில்தான் ‘போஸ்ட்பார்ட்டம் டிப்ரஷன்’ என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழில் எழுதும்போது இதைப் ‘பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தம்’ ஆக்கிவிடுகிறோம். அதில் ‘பிந்தைய’வும் சரியில்லை, ‘அழுத்த’மும் சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் ‘பார்ட்டம்’. லத்தீனில் ‘பரேரே’ என்றால் ஈனுதல், பெற்றெடுத்தல். அதிலிருந்து வந்தது ‘பார்ட்டஸ்’, பிள்ளைப்பேறு. ‘போஸ்ட்’ என்றால் பின். ‘பேரண்ட்’ என்ற சொல்லும் இதே ‘பரேரே’யின் பிள்ளைதான். தமிழிலும் அச்சாக இதே உறவு உண்டு. பெறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பேறு ஆயிற்று. கெடு கேடானதும், சுடு சூடானதும், விடு வீடானதும் இந்த வழியில்தான். அதே பெறு என்பதிலிருந்துதான் பெற்றோரும் வந்தார்கள். லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இரண்டும் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

ஒரு வேறுபாடு மட்டும் எனக்குப் பிடித்தது. லத்தீன் வினை உள்ளிருந்து வெளியே தருவதைச் சொல்கிறது. தமிழ் வினை கையில் வாங்குவதைச் சொல்கிறது. மக என்றால் பிள்ளை. மகப்பேறு என்றால் பிள்ளையைப் பெறுதல், அதாவது அடைதல். பேறு என்பதற்குச் செல்வம், பாக்கியம் என்ற பொருளும் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. திருக்குறளின் 7ஆம் அதிகாரத்தை ‘மக்கட்பேறு’ என்கிறோம். பரிமேலழகர் உரையில் அதே அதிகாரம் ‘புதல்வரைப் பெறுதல்’. இந்தப் பாக்கியம் என்ற பொருள் புதுத் தாய்க்கு ஒரு சுமையும்கூட. “இவ்வளவு பெரிய பேறு கிடைத்திருக்கிறது, உனக்கு என்ன குறை?” என்று ஒருவர் கேட்டுவிட்டால், அவள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கமாட்டாள்.

இனி ‘பிந்தைய’. 1858இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே பேறுகால மனநோய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். கருவுற்றவர், புதிதாகப் பெற்றவர், பாலூட்டுபவர் என்று மூவரையும் அவர் சேர்த்தே பார்த்தார். பின்னாளில் ‘போஸ்ட்’ என்ற முன்னொட்டு வழக்கில் வலுத்து, பார்வை பிரசவத்துக்குப் பிறகான நாட்களில் ஒடுங்கியது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைத் திருத்தி, ‘பெரிபார்ட்டம்’ என்று மாற்றியது. ‘பெரி’ கிரேக்கச் சொல். சுற்றி, ஒட்டி என்று பொருள். காரணத்தையும் அந்தக் கையேடே சொல்கிறது: பின்னால் வருவதாக நினைத்தவற்றில் பாதி, பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

அவர்கள் 2013இல் தேடிப் பிடித்த சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது: பேறுகாலம். பேச்சில் அது பிரசவ நேரத்தை மட்டும் குறிக்குமே என்று கேட்கலாம். குறிக்கும்தான். ஆனால் பேறுகால விடுப்பு என்று சொல்லும்போது அது பிரசவத்துக்கு முன்னும் பின்னும் நீண்டுவிடுகிறதே. ‘பிந்தைய’வைத் தூக்கிவிட்டுப் பேறுகாலம் என்றே வைத்துக்கொள்ளலாம். ‘பிரசவம்’ சமஸ்கிருதத்திலிருந்து வந்து நன்றாகவே புழங்கும் சொல், அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது, காலத்தைச் சொல்வதில்லை.

அடுத்தது ‘அழுத்தம்’. டிப்ரஷன் என்பதன் லத்தீன் வேர் கீழே அழுத்துவதுதான். ஆகவே ‘மன அழுத்தம்’ நேர் மொழிபெயர்ப்பு. சிக்கல் என்னவென்றால், வேலைப்பளு, கடன், தேர்வு என்று ஸ்ட்ரெஸ் எல்லாவற்றுக்கும் அதே சொல்லைச் செலவழித்துவிட்டோம். ஸ்ட்ரெஸ்ஸின் வேர் இறுக்கம். அந்த ‘இறுக்க’த்தையோ ஆட்டிசத்துக்குக் கொடுத்தாயிற்று. பெயர்கள் இப்படி இடம் மாறி உட்கார்ந்துவிட்டதால், “பிரசவத்துக்குப் பிறகு மன அழுத்தம்” என்று படிக்கிறவர், யாருக்குத்தான் இல்லை என்று கடந்துவிடுகிறார்.

மனச்சோர்வு என்பது மேல். சோர்தல் என்றால் தளர்ந்து நழுவுதல். கண்ணீரும் சோரும், முடிந்த கூந்தலும் சோரும். பிடி நழுவிப்போகும் அந்த உணர்வை இச்சொல் பிடித்துவிடுகிறது. குறை ஒன்று உண்டு. தூக்கமில்லாத தாயிடம் சோர்வு என்றால் வெறும் களைப்பு என்றே கேட்கும். அதனால்தான் ‘மன’ என்பதை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.

வேறு இரண்டு நிலைகளையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக விலகும். ‘பேபி ப்ளூஸ்’ என்கிற இதைப் பேற்றுக் கலக்கம் எனலாம். தாய்மாரில் பாதிப் பேருக்கு மேல் வருவது, நோயல்ல. மனச்சோர்வு அப்படி விலகாது. பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வருவதாகவும், அதில் முதன்மையானது மனச்சோர்வு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்றாவது, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் பேற்று உளப்பிறழ்வு: இல்லாத குரல் கேட்பது, விபரீத நம்பிக்கைகள், தூக்கமே வேண்டாத பரபரப்பு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. இதைப் பழைய ‘ஜன்னி’யில் சேர்க்காதீர்கள், காய்ச்சல் பிதற்றலுக்கும் வலிப்புக்கும் சேர்த்துப் புழங்கிய சொல் அது.

தகப்பனுக்கு வருவதையும் இதே பெயரால் சொல்லலாமா? லத்தீன் வழியில் போனால் இடிக்கும். தமிழில் இடிக்காது. ஈன்றவள் தாய்தான், பெற்றவர் இருவரும். தந்தையரில் சுமார் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அது அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவோ, வேலையில் போய் ஒளிந்துகொள்வதாகவோ வெளிப்படலாம்.

குழந்தையைப் பற்றிய சொல்லுக்கு வருவோம். ‘இன்ஃபன்ட்’ லத்தீனில் பேசாதது. பேசாததற்கு மனநலம் ஏது என்று பலர் சிரிப்பார்கள். 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்க வேண்டும். சில மாதமே ஆன குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ‘இன்ஃபன்ட் மென்டல் ஹெல்த்’ என்கிற இந்தத் துறைக்குச் ‘சிசு மனநலம்’ என்று பெயர் வைத்தால் மரண விகிதக் கணக்குதான் நினைவுக்கு வரும். ‘குழந்தை மனநலம்’ என்றால் பள்ளிக்கூடப் பிள்ளை. ‘கைக்குழந்தை’ என்ற வீட்டுச் சொல்லே போதும். ஏந்தும் கையையும் சேர்த்தே குழந்தையைச் சொல்லும் சொல் அது. கை தளர்ந்தால் குழந்தைக்குத் தெரியும் என்பதும், கையைத் தாங்கினால் குழந்தையையும் தாங்கியதாகும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

தாங்குவதற்கு வழிகள் உண்டு. பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. பாலூட்டிக்கொண்டே மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாள் 1987இல் வந்தது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது கேள்வி. அதற்கு ஆம் என்ற பதில் வந்தால், கூட்டல் மதிப்பெண் குறைவுதானே என்று விட்டுவிடாமல் உடனே கவனிக்க வேண்டும்.

வீட்டில் யாரும் ‘பேறுகால மனச்சோர்வு’ என்று பேசப்போவதில்லை. அது அறிக்கைக்கும் மருத்துவச் சீட்டுக்கும் உரிய பெயர். வெறும் களைப்புதானா என்று முதலில் துப்புப் பார்க்க எளிய பேச்சுத் தமிழே உதவும். குழந்தையைக் கொஞ்ச நேரம் நாம் வாங்கிக்கொண்டு, அவளிடமோ அவனிடமோ கேட்கலாம்: “குழந்தை தூங்குறப்ப உனக்குத் தூக்கம் வருதா?” வெறுமனே களைத்தவர் பெரும்பாலும் கண்ணயர்ந்துவிடுவார். தொட்டில் அமைதியாக இருக்கும்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடக்கிறவர் “வரலை” என்பார்.