டிராபேக்: கட்டிய தீர்வையை மீட்பது

திருப்பூரிலோ ஆம்பூரிலோ ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், இந்தச் சொல் காதில் விழுந்துவிடும். "போன மாச பில்லுக்கு டிராபேக் வந்துடுச்சா?" என்று யாராவது கேட்பார். காகிதத்தில் 'டிபிகே' என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். அதே சொல்லை அகராதியில் தேடினால் 'குறை', 'குறைபாடு' என்றுதான் முதலில் வரும். பணம் வருவதற்குக் குறைபாடு என்று பெயரா என்று புதிதாக வேலைக்கு வந்தவர் குழம்பிப் போவார்.

ஆங்கிலத்தில் அது 'இழு', 'பின்னால்' என்ற இரண்டு சொற்களின் கூட்டு. ஒருவரை முன்னேற விடாமல் பின்னுக்கு இழுப்பது குறைபாடு. கருவூலத்துக்குள் போன பணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது வணிகர்களின் டிராபேக்.

பொருள் எளியது. இறக்குமதித் தீர்வை, அதாவது வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரும்போது கட்டும் சுங்க வரி, நாட்டுக்குள் விற்று நுகரப்படும் சரக்குக்கு உரியது. வெளிநாட்டு ஜிப்பும் பொத்தானும் தூத்துக்குடியில் இறங்கி, சட்டையில் ஏறி, மறுபடி கப்பல் ஏறிவிட்டால் அந்தத் தீர்வையை வைத்துக்கொள்ள அரசுக்குக் காரணம் இல்லை. எனவே திருப்பித் தருகிறது.

இது பழைய வழக்கம். 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்ற தன் பெருநூலில் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். வர்ஜீனியா, மேரிலாந்திலிருந்து பிரிட்டன் ஆண்டுதோறும் வாங்கிய புகையிலை சுமார் 96,000 பெரும்பீப்பாய். உள்நாட்டுத் தேவையோ 14,000க்கு மேல் இராது என்கிறார். மிச்சமெல்லாம் வேறு நாடுகளுக்குப் போகவேண்டிய சரக்கு. அதற்கும் தீர்வையை வைத்துக்கொண்டால் அந்த வணிகமே படுத்துவிடும் அல்லவா? ஏற்றுமதிக்குத் தரும் ஊக்கங்களில் இதுதான் மிக நியாயமானது என்பது அவர் முடிவு. தீர்வையைத் திரும்ப வாங்கிவிட்டு, அனுப்பிய சரக்கையே கள்ளத்தனமாகக் கரை இறக்கிய மோசடிகளையும் அவர் சொல்லாமல் விடவில்லை. 1789இல் அமெரிக்கா போட்ட முதல் சுங்கச் சட்டத்திலேயே டிராபேக் இருந்தது. இன்றும் அங்கே 99 சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

இந்தியாவில் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. 74ஆம் பிரிவு, வந்த பொருளை வந்தபடியே திருப்பி அனுப்புவதற்கு. 1,00,000 ரூபாய் தீர்வை கட்டி ஓர் எந்திரத்தை இறக்கி, சரிப்படாது என்று பயன்படுத்தாமலே 2 ஆண்டுக்குள் திருப்பி அனுப்பினால் 98,000 ரூபாய் கிடைக்கும். பயன்படுத்தியிருந்தால் அதற்கேற்பக் குறையும். 75ஆம் பிரிவு, இறக்குமதி செய்த பொருளைக் கொண்டு தயாரித்து அனுப்புவதற்கு. திருப்பூரில் பேசுவது பெரும்பாலும் இதைத்தான்.

இதில் அரசே ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் சராசரி பார்த்து ஒரு விகிதம் அறிவிக்கிறது. அதற்கு 'ஆல் இண்டஸ்ட்ரி ரேட்' என்று பெயர். பொது விகிதம் எனலாம். இறக்குமதிக் காகிதம் எதையும் காட்டாமலே அந்த விகிதப்படி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சராசரி எல்லாருக்கும் பொருந்தாது. உண்மையில் தன்மேல் விழுந்த தீர்வையில் ஐந்தில் நான்கு பங்குகூடப் பொது விகிதத்தில் திரும்பவில்லை என்றால், கணக்கைக் காட்டித் தனக்கென்று ஒரு விகிதம் கேட்கலாம். இதற்கு 'பிராண்ட் ரேட்' என்று பெயர். பெயரில் பிராண்ட் இருப்பதால் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட வேண்டாம். தனி விகிதம் என்பதுதான் பொருள். இறக்குமதித் துணியையோ தோலையோ அதிகம் நம்பித் தொழில் செய்யும் சிறிய யூனிட்டுக்குத்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது மிக முக்கியம் என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுங்கத்துக்கு நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. குறளில் அரசனுக்குரிய பொருள்களில் ஒன்று 'உல்கு பொருள்', அதாவது சுங்கமாக வரும் பொருள். பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து வந்த சரக்கும் கடலுக்குப் போகும் சரக்கும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்க, சோழனின் புலி முத்திரை குத்தி வெளியே விடுகிறார்கள். முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனான். 'தீர்வை' என்பது 'தீர்' என்பதிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் சுங்கத் தீர்வை, தீர்வையற்ற கடை என்று இயல்பாக எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆயத்தீர்வைத் துறையின் பெயரில் அது வாழ்கிறது.

ஆகவே முதல் பாதி 'தீர்வை'. இரண்டாம் பாதிக்குச் சிலர் 'திரும்பப் பெறுதல்' என்கிறார்கள். அது ரீஃபண்டுக்குத்தான் சரி. தவறுதலாகக் கூடுதலாகக் கட்டியதை வாங்குவது ரீஃபண்ட். டிராபேக்கில் கட்டியபோது தவறே இல்லை. சரக்கு நாட்டை விட்டுப் போனதால்தான் உரிமை பிறக்கிறது. 'சலுகை', 'மானியம்' என்பவை இன்னும் தவறு. கட்டிய தீர்வைக்கு மேல் போகாதவரை, உலக வணிக அமைப்பின் விதிகளே இதை மானியமாகக் கருதுவதில்லை. கேட்பவர் கை நீட்டி நிற்பவர் அல்ல, தன் பணத்தைக் கேட்பவர்.

அடகு வைத்த நகையை என்ன செய்கிறோம்? மீட்கிறோம். நகை நம்முடையது, நிபந்தனை நிறைவேறியதும் கைக்கு வருகிறது. தீர்வையும் அப்படித்தான் நாடு எல்லையில் வாங்கி வைத்துக்கொண்ட பிணை. எனவே 'தீர்வை மீட்பு' என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். மீட்பு விகிதம், மீட்புத் தொகை, மீட்புக் கோரிக்கை என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. 'தீர்வையை மீட்டாச்சா?' என்று பேச்சிலும் கேட்கலாம்.

தயாரித்து அனுப்பும் சரக்குக்குப் பொதுவாக, ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே மீட்புக் கோரிக்கையாகிவிடும். கோரிக்கை வந்து ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் அரசு வட்டி தரவேண்டும் என்று 75ஏ பிரிவு சொல்கிறது. அப்புறம் இன்னொன்று: வெளிநாட்டு பையரிடமிருந்து சரக்குக்கான பணம் உரிய கெடுவுக்குள் வராவிட்டால், மீட்ட தீர்வையைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். பணம் பிறகு வந்து சேர்ந்தால், விதியில் சொன்ன காலத்துக்குள் ஆதாரம் காட்டி மறுபடியும் மீட்டுக்கொள்ளலாம்.