தூண்டல் வேறு, தொகுத்தறிதல் வேறு

கொழும்பில் தமிழ்மூல மாணவர்களுக்கென்று வரும் கணிதக் காணொளிகளிலும் கையேடுகளிலும் 'தூண்டல் தர்க்கம்' என்ற சொல் தாராளமாகப் புழங்கத் தொடங்கிவிட்டது. காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் நுழைக்கும்போது மின்னியக்க விசை பிறக்கிறதே, அது தூண்டல். நாலைந்து எண்களைப் பார்த்துப் பொதுவிதி ஒன்றைச் சொல்லத் துணிவதில் யார் யாரைத் தூண்டுகிறார்கள்? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'induction' என்ற ஒரே சொல்லாம், அதனால் தமிழிலும் ஒன்றே போதுமாம்.

அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு 'உள்ளே இட்டுச்செல்' என்று பொருள். தனித்தனி உதாரணங்களிலிருந்து பொதுவிதிக்குப் போவதைக் குறிக்கும் கிரேக்கரின் 'எபகோகே'க்கு ஈடாக அதை உரோமப் பேச்சாளர் சிசெரோ எடுத்தாண்டார். தமிழில் அது தொகுத்தறிதல். உயர்தர வகுப்பில் அளவையியல் (தர்க்கவியல்) படித்தவர்களுக்கு, ஏற்ற கூற்றுகளிலிருந்து கட்டாயமாக வரும் முடிவை எட்டும் உய்த்தறிதலோடு சேர்ந்து பழகிய சொல்.

'தொகுத்தால் அறிவு வந்துவிடுமா, ஊகம்தானே வரும்?' என்று தூண்டல் கட்சியார் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. வட்டத்தின் பரிதியில் புள்ளிகளை இட்டு, எல்லாவற்றையும் நாண்களால் இணைத்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து புள்ளிகள் வரை பிரதேசங்கள் 1, 2, 4, 8, 16. அடுத்தது 32 என்று கை தானாக எழுதும். எண்ணினால் 31. ஒழுங்கான அறுகோணியாகப் புள்ளிகளை வைத்தவருக்கோ 30தான் கிடைக்கும். மூன்று நீண்ட மூலைவிட்டங்களும் மையத்தில் ஒன்றாக வெட்டுவதால் நடுவில் வர வேண்டிய சிறு முக்கோணி காணாமற் போகிறது. ஒரு புள்ளியைச் சற்று நகர்த்தினால் அது வந்துவிடும். ஆக, தொகுத்து அறிந்தது ஓர் ஊகம். ஆறாவது புள்ளி அதைக் கவிழ்த்தது. இந்த இரண்டு வேலையையும் 'தூண்டல்' எந்த விதத்தில் உணர்த்துகிறது?

அந்த ஊகத்தை 'அனுமானம்' என்று எழுதுவது இன்னொரு கொடுமை. அனுமானம் எடுகூற்றிலிருந்து, அதாவது உண்மையென்று ஏற்றுத் தொடங்கும் கூற்றிலிருந்து, முடிவுக்குப் போவது. 2ஐ விடப் பெரிய இரட்டை எண் எதுவும் இரண்டு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என்ற கணிதவியலாளர் கோல்ட்பாக்கின் கூற்று 1742இல் எழுந்தது. 4க்குப் பின் 18 பூச்சியம் போட்ட எண் வரை சோதித்தும் அது இன்னும் ஊகமே.

உயர்தர இணைந்த கணிதப் பாடத்தில் வரும் 'கணிதத் தொகுத்தறிவு' என்ற நிறுவல் முறையின் பெயர் மட்டும் எனக்கும் இடறுகிறது. முதற் படி சரியென்று காட்டி, ஒரு படி உண்மையானால் அடுத்ததும் உண்மை என்று நிறுவுவது முழுக்க உய்த்தறிதல். பெயரை நம்பி, ஐந்து பெறுமானங்களைப் பிரதியிட்டு 'எனவே நிறுவப்பட்டது' என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தக் குழப்பம் ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. 'தூண்டல்' என்று மாற்றினால் அது தீராது, கூடவே பௌதிகமும் வந்து ஒட்டிக்கொள்ளும்.