ஒரே சிட்டிங்கில் போதை போய்விடாது

போன வாரமும் ஒரு தகப்பனார் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர். "தலையில் காந்தம் வைத்து ஒரே தடவையில் போதையை எடுத்துவிடலாம் என்கிறார்களே, உண்மைதானுங்களா? எவ்வளவு செலவானாலும் சரி, இன்றைக்கே வைத்துவிடுங்கள்" என்றார். மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்பவன். ஈரோடு, பொள்ளாச்சி, கரூர் என எல்லாப் பக்கமிருந்தும் இதே கோரிக்கை வருகிறது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஒரே சிட்டிங்கில் போதைப் பழக்கத்தை ஒழிக்கும் கருவி எங்கும் இல்லை. மூன்று சிட்டிங்கில் ஒழிப்பதும் இல்லை. புகைப்பழக்கத்தை விடுவதற்கு அமெரிக்காவின் மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் அனுமதித்த காந்தத் தூண்டல் (தலைக்கு வெளியே வைத்த காந்தத்தால் மூளையைத் தூண்டும்) முறையில்கூட மொத்தம் 18 சிட்டிங்: முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு நாள். ஹெராயினுக்கோ வலி மாத்திரைக்கோ காந்தத் தூண்டலுக்கு அப்படி ஓர் அனுமதி இல்லை. இதை மறைத்துவிட்டு 'உத்தரவாதம்' என்று பலகை வைக்கும் சக மருத்துவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

அப்படியானால் இது பயனற்றதா? இல்லை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வருகிறது. வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நினைவில் இருக்கின்றன. ஆனாலும் கால் வேறு பக்கம் திரும்புகிறது. 'வேண்டாம், நில்' என்று தடுக்க வேண்டிய மூளையின் முன்பகுதி அந்த நேரத்தில் தோற்றுப்போகிறது. அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பத் தூண்டும்போது ஏக்கமும் அவசர உந்துதலும் சிலருக்குக் குறைவதை ஆய்வுகளில் பார்க்கிறோம். சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. மருந்தோடும் ஆலோசனையோடும் சேர்த்துத் தரும் துணைச் சிகிச்சை இது. வலி மாத்திரைக்கு அடிமையானவருக்கு புப்ரினார்பின் என்ற நல்ல மருந்து இருக்கிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று அதை மறுத்துவிட்டுக் காந்தத்தைக் கேட்காதீர்கள்.

இது 'ஷாக்' வைத்தியமும் அல்ல. மயக்க மருந்து கிடையாது. நோயாளி விழித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

தயவுசெய்து இணையத்தில், தலையில் மின்சாரம் செலுத்தும் பேட்டரிக் கருவி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கோபிப் பக்கத்திலிருந்து வந்த கல்லூரி மாணவன் ஒருவனின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், பழைய நாலணா அகலத்துக்குத் தோல் வெந்து கொப்புளமாகியிருந்தது. கருவிக்கும் தோலுக்கும் இடையே வைக்கும் ஈரப் பஞ்சு காய்ந்துபோனதைக் கவனிக்காமல் மின்சாரம் செலுத்தியிருக்கிறான்.

பைக் விபத்துக்குப் பின் மண்டையில் பிளேட் வைத்திருந்தாலோ, காதுக்குள் கருவி பொருத்தியிருந்தாலோ, எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரமடால், டேப்பன்டடால் மாத்திரைகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை. தினமும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். அந்த நிலையில் காந்தத் தூண்டல் ஆபத்து.

பெற்றோரே, பையனைத் திட்டி அடித்து அழைத்து வராதீர்கள். அடி வாங்கியவன் மாத்திரையின் பெயரை மறைக்கிறான். எனக்கு அந்தப் பெயர்தான் முதலில் வேண்டும். நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவன் அறையில் காலி மாத்திரை அட்டை கிடந்தால், வெட்கப்பட்டு எரித்துவிடாமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.