பிறந்த தேதியும் வகுப்பும்: பள்ளியிலும் மைதானத்திலும் வயதுக் கணக்கு எப்படி நடக்கிறது?

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர, அந்த ஆண்டு ஜூலை 31-க்குள் குழந்தைக்கு 5 வயது முடிந்திருக்க வேண்டும். 2025-26 சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்ட் 2-ல் பிறந்த பெண்ணும் 2020 ஜூலை 30-ல் பிறந்த பையனும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவளுக்கு 5 வயது 10 மாதம், அவனுக்கு 4 வயது 10 மாதம். அந்த வயதில் ஒரு வருடம் என்பது அவன் வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பென்சில் பிடிப்பதிலும், சொன்னதைக் கேட்டு உட்காருவதிலும் இந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறாளே, இவன் ஏன் இப்படி' என்று கேட்பதற்கு முன்னால் இருவருடைய பிறந்த தேதியையும் பார்த்துவிடுவது நல்லது.

மத்தியப் பள்ளிகளின் கணக்கு வேறு. தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல் அதுதான் விதி. வேலை மாற்றலில் ஊர் மாறும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, வயதை வைத்து வகுப்பு முடிவாகிவிட்டது. அந்த வகுப்புக்கு உரிய பாடம் குழந்தைக்கு வரவில்லை என்றால்? இங்கேதான் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வருகிறது. பள்ளிக்கே போகாத, அல்லது பாதியில் நின்ற 10 வயதுக் குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. எழுத்து தெரியாது என்பதற்காக ஒன்றாம் வகுப்புச் சிறுவர்களோடு உட்கார வைக்கக் கூடாது. மற்றவர்களை எட்டிப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அது குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 வருடம் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. 14 வயது தாண்டிவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இலவசக் கல்வி உண்டு. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கவும் முடியாது (பிரிவு 14). 6 முதல் 14 வயதுக் குழந்தையைச் சேர்க்கும்போது தேர்வோ நேர்காணலோ வைத்து வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதற்கு அப்புறம் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் (பிரிவு 13). சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும், 'சும்மா ஒரு சின்ன டெஸ்ட்' என்று கூப்பிடும் பள்ளிகள் இல்லாமல் இல்லை.

ஒரே வகுப்பில் மறுபடியும் உட்கார வைக்கும் விஷயத்தில் பெற்றோருக்கு நிறையக் குழப்பம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 5, 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களுக்கு 2 மாதத்துக்குள் மறுதேர்வு வைக்கலாம், அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று வழி செய்தார்கள். அதற்கான மத்திய விதி 2024 டிசம்பரில் வந்தது. ஆனால் அதை ஏற்பது மாநிலத்தின் விருப்பம். தமிழ்நாடு ஏற்கவில்லை; எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்ற முறைதான் தொடர்கிறது.

அப்படியானால் எதுவும் படிக்காமலே மேலே போய்விடுவார்களே என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதிலாகத்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பார்க்க வேண்டும். கொரோனாவில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் பள்ளி வாசலே மிதிக்காமல் கடந்த பிள்ளைகள் இருந்தார்கள். 2022 ஜூன் 13 அன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு 4, 5-க்கும் விரிந்தது. 8 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையில்லாமல் படிக்கவும், எழுதவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது குறிக்கோள்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதையும், எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் தனித்தனியாக வைக்கிறார்கள். முதலில் மதிப்பிட்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். தோராயமாக ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு உரிய திறன்கள் அவை. மூன்றாம் வகுப்பில் இருக்கும் ஒருவன் தமிழில் இன்னும் கொம்பும் காலும் குழப்பிக்கொண்டு 'பொ'வை 'பெ' என்று வாசிக்கலாம். அதே பையன் கடையில் 50 ரூபாய் கொடுத்து மீதியைச் சரியாக எண்ணி வாங்குவான். அவனைத் தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் பார்க்க இடம் இருக்க வேண்டும். 'மக்கு' என்று ஒரே சொல்லில் முடிப்பதை விட இது எவ்வளவோ மேல். அதே சமயம், ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் மூன்று நிலைகளையும் நடத்தி, மதிப்பீட்டைச் செயலியிலும் ஏற்றுவது லேசான வேலை இல்லை. திட்டம் நன்றாக நடப்பதும் நடக்காததும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டியது ரேங்க் அல்ல. 'தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, போன பருவத்தில் எங்கே இருந்தான்' என்று கேளுங்கள். பெரிய வகுப்பு என்றால், 2025-26-ல் 6 முதல் 9 வகுப்புகளுக்குத் தொடங்கிய 'திறன்' திட்டத்தில் தமிழ், ஆங்கிலம், கணிதத்துக்குத் தனிப் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள்.

வயது வித்தியாசத்தால் வந்த பின்னடைவு மெல்ல மெல்லக் குறையும். குறையாமல் அப்படியே நின்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத குழந்தை கவனக்குறைவு என்று திட்டு வாங்குவது சகஜம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு வருடம் ஒருமுறையும் வர வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எழுத்துகளைப் பிரித்தறிவதிலேயே சிரமம் நீடித்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்று வாங்கியிருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

இனி மைதானம். இங்கே வெட்டுத் தேதி ஜூலை 31 அல்ல. குறுவட்டப் போட்டி முதல் தேசிய அளவு வரை, பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கிறார்கள். ஒரே ஆண்டின் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 13 வயதில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி என்றால் உயரத்திலும் தோள் வலிமையிலும் தெரியும். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகம் என்று 1985-லேயே ஆய்வு வந்தது. அங்கேயும் வெட்டுத் தேதி ஜனவரி 1. பெரிய பையன் தேர்வாகிறான், அதனால் அவனுக்குக் கூடுதல் பயிற்சி, அதனால் இன்னும் நன்றாக ஆடுகிறான். டிசம்பர்ப் பிள்ளை அணியில் இடம் கிடைக்கவில்லை என்று கிரிக்கெட் பேட்டை மூலையில் போடுவதற்குள் இதை அவனுக்கு எடுத்துச் சொல்லலாம்.

உடல் திறனை அளக்க கேலோ இந்தியா சோதனை இருக்கிறது. அதில் 5 முதல் 8 வயது வரை ஓட்டமே கிடையாது. ஒற்றைக் காலில் நிற்பது, கையால் தட்டுகளை மாற்றி மாற்றித் தொடுவது, உயரம்-எடை, அவ்வளவுதான். 9 வயதுக்கு மேல்தான் 50 மீட்டர், 600 மீட்டர் எல்லாம். ஆறு வயதுக் குழந்தையைக் கோச்சிங்குக்கு விரட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

வயதைக் குறைத்துக் காட்டி விளையாடுவது பழைய நோய். அதனால்தான் கிரிக்கெட் வாரியம் இளையோர் பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. நம் ஊரில் இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு: ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்வது. பெரியவர்கள் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது அப்படித்தான். 2021 ஜனவரியில் பிறந்தவனை 2020 ஜூலை என்று எழுதினால், பள்ளியில் வகுப்பின் கடைக்குட்டி ஆகிறான்; மைதானத்தில் தன்னுடைய பிரிவில் மூத்தவனாக இருக்க வேண்டியவன் ஒரு வருடம் மேலே உள்ளவர்களோடு மோதுகிறான். இப்போது பிறப்புச் சான்றிதழ் கேட்பதால் இது குறைந்திருக்கிறது.

போட்டிக்கு அனுப்பும் முன் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்) பதிவு மூன்றிலும் ஒரே தேதிதானா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, போட்டிப் பருவம் தொடங்குமுன்பே திருத்திவிடுங்கள். நுழைவுப் படிவம் நிரப்பும் அன்று ஓடினால் நடக்காது.